ஞாயிறு பள்ளியும் மாலைப் பள்ளியும்: தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

குழித்துறைத் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ள தேங்காய்ப்பட்டணம், தமிழ் இலக்கியத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கதையால் இடம் பெற்ற ஊர். இங்கே 1944இல் பிறந்த தோப்பில் முகமது மீரான், 1988இல் வெளியான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' என்னும் நாவலில், கடலோர முஸ்லிம் ஊர் ஒன்றுக்கு ஆங்கிலப் பள்ளி வருவதையும், ஊரை ஆட்டிவைத்த முதலாளி அதனை எதிர்ப்பதையும் சித்திரித்தார். அந்நாவலை வாசிக்கும்போது நமக்குள் ஒரு வினா எழுகிறது. பள்ளி கட்டப்படுவதற்கும் ஏழைப் பிள்ளை அதில் நிலைத்துப் படித்துத் தேறுவதற்கும் இடையே நீண்ட வழி இருக்கிறதே, அவ்வழியில் பிள்ளைக்குத் துணை நின்றவர் யார்? இவ்வினாவோடு தென்திருவிதாங்கூர் வரலாற்றை நோக்குவோம்.

1817இல் ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில், மக்கள் கல்விக்கான செலவை அரசே ஏற்க வேண்டும் என்னும் ஆணை பிறந்தது. அது போற்றத்தக்க ஆணையே. எனினும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் வாசல் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் அடைபட்டே கிடந்தது. அவர்களுள் பலருக்குக் கல்வி முதன்முதலில் கிட்டியது மிஷன் பள்ளிகளில்தான். 1806இல் திருவிதாங்கூர் வந்த ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய பணியை, 1818 முதல் நாகர்கோவிலில் மீட் ஐயர் விரிவாக்கினார். 1819இல் வந்த மால்ட் ஐயரின் துணைவியார் மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார்.

மார்த்தா அம்மையாரின் பணியில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அவரிடம் வந்த பிள்ளைகளுள் அடிமைக் குடும்பத்தினரும் இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. எழுத்தைக் கற்பித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். அதில் ஈட்டிய பணம் சிலருக்கு விடுதலை விலையாகவும் உதவிற்று. பிள்ளையின் கல்விக்கு இடறலாக நின்றது எதுவோ, அதை அகற்றுவதும் கல்விப்பணியே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி நடத்திய போராட்டமும் இதையே காட்டுகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் தரும்வரை வயலில் இறங்கமாட்டோம் என்று புலையர் மக்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் அரசு அனுமதி வழங்கியும், ஊருட்டம்பலத்தில் ஒரு சிறுமியைச் சேர்க்க முயன்றபோது கலகம் மூண்டு, பள்ளிக்கூடம் தீக்கிரையாயிற்று. ஆணை கதவைத் திறந்தது. ஆனால் உள்ளே சென்ற பிள்ளையின் அருகே அமர ஆளில்லை.

அருகே அமரும் இவ்வூழியம் திருச்சபைக்குப் புதியதன்று. நாம் நடத்தும் ஞாயிறு பள்ளியின் தொடக்கமே அதுதான். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தபோது, வாரத்தின் ஆறு நாளும் வேலை செய்த பிள்ளைகளுக்கு ஓய்வாயிருந்த ஒரே நாள் ஞாயிறு. வேதபாடத்தோடு, வாசிக்கக் கற்பதும் அங்கே தலையாய பாடமாயிருந்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அந்நாட்டில் தொடக்கக் கல்வி பொதுப் பொறுப்பாகவே, எழுத்துப்பாடம் ஞாயிறு பள்ளியைவிட்டு விலகியது. நமக்கு வந்து சேர்ந்தது எஞ்சிய பாதியே.

விட்டுப்போன பாதியை நம் காலத்தில் அரசு கையிலெடுத்தது. கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் கற்றதை மறந்த நிலையில், 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்திற்குத் தேர்ந்த 12 மாவட்டங்களுள் கன்னியாகுமரியும் ஒன்று. அதே தெருவில் வாழும் தன்னார்வலர் ஒருவர், மாலை 5 மணிமுதல் 7 மணிக்குள், ஏறத்தாழ 20 பிள்ளைகளைத் திண்ணையிலோ பொதுக்கட்டடத்திலோ அமர்த்திக் கற்பித்தார். தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளை அறிந்த முகம், பிள்ளைக்கு வாய்த்த நேரம், பிள்ளை நடந்துவரும் தூரம் ஆகிய மூன்றுமே அதன் வலிமை.

இம்மூன்றும் ஒவ்வொரு சபையிலும் உண்டு. ஆயினும் நம் ஆலய வளாகங்கள் பல, வாரத்தின் மாலைகளில் பூட்டிக்கிடக்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், தேங்காய்ப்பட்டணத்தை அடுத்த கடற்கரை ஊர்களில் பல பிள்ளைகளின் தந்தையரைக் கொண்டுபோயிற்று. அத்தகைய வீட்டில் மாலையில் புத்தகத்தைத் திறந்துவைக்க யார் இருக்கிறார்?

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மீரானின் நாவல் காட்டும் எதிர்ப்பை அறியாமை என்று மட்டும் தள்ளிவிடுவது எளிது. வெளியிலிருந்து வரும் பள்ளி தம் பிள்ளையைத் தம்மிடமிருந்து பிரித்துவிடுமோ என்னும் அச்சமும் அதில் கலந்திருந்தது. மிஷன் பள்ளிகள்மேலும் அவ்வச்சம் இருந்ததை நாம் மறைக்கலாகாது. எனவே நாம் திறக்கும் மாலைப் பள்ளியில் கட்டணமும் கூடாது, மதம் குறித்த நிபந்தனையும் கூடாது. முஸ்லிம் பிள்ளைக்கு அந்த ஊர் முஸ்லிம் பெண்ணே ஆசிரியையாக அமர்வாளாயின், நம் வளாகத்தின் விளக்கு அவளுக்கும் எரியட்டும்.

முன்னோர் கட்டிய பள்ளிகளைச் சொல்லி நாம் பெருமை கொள்கிறோம். அப்பெருமைக்கு நாம் உரியவரா என்பதை நூற்றாண்டு மலர்கள் சொல்லமாட்டா. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு வலை இழுக்கப் போன பிள்ளையின் பெயர் நம் சபைப் போதகருக்குத் தெரியுமா என்பதே சொல்லும்.