மலைநாட்டுப் பியரும் உறங்கிய மதுவமும்

நுவரெலியாவில் பியர் ஆலை 1881ஆம் ஆண்டில் தோன்றியது. 1869 முதல் இலைநோயால் நலிந்த கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்ட காலம் அது. அதற்கு முன்னரே, 1848இல் பண்ணையாட்களோடும் கால்நடைகளோடும் அங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் பியர் காய்ச்சும் தொழிலைத் தொடங்கினார் என்பது வழிவழிச் செய்தி. அது எவ்வாறாயினும், வணிக அளவில் இத்தொழிலின் வரலாறு 1881இலிருந்து கணிக்கத்தக்கது.

மலையுச்சியை நாடியதன் காரணம் குளிரேயாம். குளிர்ப்பொறி பரவாத அந்நாளில், கீழ்நாட்டு வெப்பத்தில் இனிப்புச் சாறு விரைவிற் கெட்டுவிடும். ஆயின் காத்த குளிரே இடையூறாகவும் அமையக்கூடும். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவிட, அதன் மாப்பொருள் வெல்லமாகும். அச்சாற்றை ஹொப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆற்றி, மதுவம் இடுவர். மதுவம் விழித்தெழாது ஓரிரு நாள் கிடப்பின் வேறு நுண்ணுயிர்கள் கலத்தைக் கைப்பற்றிப் புளிக்கச் செய்துவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. இரவிலோ அதனினும் மிகக் குறைவு. ஆங்கில ஏல் வகை மதுவத்துக்கு இது சற்றுக் குறைவானதே. சூடாறுமுன் இட்டால் மதுவம் மடியும். மிகக் குளிர்ந்தபின் இட்டால் உறங்கும். மற்றொன்றும் உண்டு. கொதிக்கும்போது சாற்றிலுள்ள ஒட்சிசன் வெளியேறிவிடுகிறது. 6,000 அடிக்கு மேற்பட்ட மென்காற்றிலிருந்து அது மீளக் கரைவதும் குறைவு. ஆதலின் ஆறிய சாற்றை நன்கு அலைத்துக் காற்றூட்டுதல் அங்கு இரட்டிப்பு அவசியம்.

நொதித்தல் தொடங்கவில்லை என்று முடிவு கட்டுமுன் நீரமானியால் அளந்து பார்த்தல் முறை. குமிழி எழாமை சான்றாகாது. மூடியின் இடுக்கால் காபனீரொட்சைட்டு நழுவிப் போயிருக்கலாம். அடர்த்தி குறைந்திருப்பின் மதுவம் உழைக்கிறது என்க. குறையாதிருப்பின் கலத்தைச் சற்றே வெதுப்புவர். அதுவும் பயனளியாதெனின் புதிய மதுவம் இடுவர். ஒரு காய்ச்சலின் மதுவத்தை அடுத்ததற்கு எடுத்துப் பேணுவதே ஆலைகளின் வழக்கம். அத்தொடர் அறுந்தால் தொல்லைதான். நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்ததே 1885இல். இத்துறையில் பாஸ்டரின் பியர் ஆய்வு நூல் 1876இல் வெளிவந்தது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் ஹான்சன் தூய மதுவத்தைத் தனித்து வளர்த்தது 1883இல். அதற்கு முன் எங்கும் ஓரளவு குருட்டு நம்பிக்கையே.

கித்துள் கள்ளின் நிலையோ நேர்மாறானது. பாளையிலிருந்து சொட்டும் பதநீர், பானையை மரத்தினின்று இறக்குமுன்னரே நொதிக்கத் தொடங்குகிறது. காற்றும் பானையுமே மதுவம் தருவன. பாணி காய்ச்சுவோர் அதைத் தடுக்கவே ஹல் மரப்பட்டையைப் பானையில் இடுகின்றனர். ஒருவர்க்குத் தொடங்காமை தொல்லை. மற்றவர்க்குத் தொடங்குதலே தொல்லை!

மலையில் காய்ச்சிய பியர் துரைமார்க்கும் அவர்தம் கழகங்களுக்கும் உரியது. நுவரெலியா ஹில் கிளப் 1876லேயே அமைந்திருந்தது. லயங்களில் வாழ்ந்த தொழிலாளர்க்குக் கிடைத்தது தவறணைக் கள்ளும் சாராயமும். நாள் முழுதும் கொழுந்து கொய்த கூலி எங்கே கரைந்தது என்பதைத் தோட்டத்தின் எந்தத் தாயும் அறிவாள். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் அநுமதிப்பத்திரமின்றி மது ஆக்குதலைத் தடைசெய்தது. எனினும் கசிப்பு ஒழியவில்லை. இங்கும் அதே பழைய இடர்ப்பாடுதான்: வாற்கோதுமைச் சாற்றில் மதுவத்துக்கு வேண்டிய நைதரசன் உண்டு, வெறுஞ்சீனிக் கரைசலில் அது இல்லை. ஆதலின் கோடா நொதியாது கிடக்கும். அதைக் கிளப்பிவிடக் கசிப்புக் காய்ச்சுவோர் யூரியாவை அள்ளியிடுகின்றனர். தேயிலைச் செடிக்கென வந்த உரம் தோட்டத்தில் எளிதிற் கைக்கெட்டுவது. யூரியா மதுசாரத்தோடு கூடி எதைல் காபமேற்று என்னும் பொருளைத் தோற்றுவிக்கும்; புற்றுநோய் விளைவிக்கக்கூடியதென ஐயுறப்படும் பொருள் அது. பியர் ஆலை 1990களில் பியகமைக்குப் பெயர்ந்துவிட்டது. கோடாப் பீப்பாய்களோ இன்றும் மலைக்காட்டு ஓடைக் கரைகளில் அகப்படுகின்றன.