அயோடினைக் கல்லுக்குள் அடைத்தல்: ஒரு வரலாற்று நோக்கு

அணு உலையில் பயன்பட்டு முடிந்த எரிபொருளில் இரண்டு வகைக் கதிரியக்க அயோடின் முக்கியமானவை. அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாள். சில மாதம் ஆறவிட்டால் அது அழிந்துவிடும். அயோடின்-129இன் அரை ஆயுட்காலமோ சுமார் 1.57 கோடி ஆண்டு. அது நிலத்தடி நீரில் எளிதாக நகரும், பாறையிலும் மண்ணிலும் அதிகம் ஒட்டாது, உடலுக்குள் போனால் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். இதைப் பிடிக்கும் வழி எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கைகூடிவிட்டது. பிடித்ததை வைத்திருக்கும் வழிதான் இன்னும் கைகூடவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு ஆலையில் 1949 டிசம்பரில் போதிய அளவு ஆறாத எரிபொருளை வேண்டுமென்றே அமிலத்தில் கரைத்தார்கள். சுமார் 8,000 கியூரி அயோடின்-131 காற்றில் கலந்தது. சுற்றுவட்டார மக்களுக்கு இது பல்லாண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அங்கே வெளியேறும் வாயுவின் பாதையில் வெள்ளி நைட்ரேட் பூசிய பீங்கான் துண்டுகள் நிரப்பிய கலன்கள் பொருத்தப்பட்டன. அயோடின் வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி அயோடைடாகத் தங்கிவிடும். பின்னாளில் வந்த வெள்ளி ஏற்றிய சியோலைட்டுகளும் இதே வேதியியலின் வழிவந்தவைதான்.

ஆனால் பிடித்த அயோடினை மற்ற அணுக்கழிவைப் போலக் கண்ணாடியாக உருக்க முடியாது. போரோசிலிகேட் கண்ணாடி உருக 1,100 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் வேண்டும். அயோடின் 184 டிகிரியிலேயே கொதித்துவிடும். 1978இல் ஆஸ்திரேலியப் புவியியலாளர் டெட் ரிங்வுட் முன்வைத்த 'சின்ராக்' என்னும் செயற்கைப் பாறையும் உயர்வெப்பத்தில் உருவாவதே. அயோடினுக்கு அதிலும் சரியான இடம் அமையவில்லை. எனினும், கோடிக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்த இயற்கைக் கனிமங்களின் அமைப்பைப் பின்பற்றலாம் என்ற எண்ணத்துக்கு அவர் தந்த உந்துதல் பெரிது. மறு ஆண்டே ஹான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோடலைட் கனிமத்தின் கூண்டு போன்ற இடைவெளிகளில், குளோரின் இருக்க வேண்டிய இடத்தில் அயோடினை அமர்த்திக் காட்டினார்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் சுவையான கட்டம் 1997இல் வருகிறது. பிரான்சின் அணுசக்தி ஆணைய ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி வனடினைட்: ஈயம், வனேடியம், ஆக்சிஜன், குளோரின் சேர்ந்த சிவந்த கனிமம். குளோரினை நீக்கி அயோடினை வைத்தால் எடையில் சுமார் 8 விழுக்காடு அயோடின் அடங்கும். தடை வழக்கமானதுதான்: சுடும்போதே அயோடின் ஓடிவிடும். அதற்கு அவர்கள் கண்ட உபாயம், மஞ்சள் நிற ஈய அயோடைடை நடுவில் வைத்து, சுற்றிலும் ஈய வனடேட் தூளைப் பொதிந்து, சுமார் 700 டிகிரியில் அழுத்திச் சுடுவது. உள்ளே வினை நடந்து அயோடின் படிகத்தில் சேர்கையில், வெளி உறை இறுகி வழியை அடைத்துவிடும். கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பதற்கு இது அதிகத் தொலைவில் இல்லை. பிறகு பிரிட்டனின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் நுண்ணலை வெப்பத்தால் சில நிமிடங்களிலேயே இப்பொருளை உருவாக்கினார்கள்.

ஜப்பான் வேறு வழியில் போனது. அயோடின் ஏறிய வெள்ளி-அலுமினா வடிப்பானையே உயர் அழுத்தத்தில் சூடாக்கிப் பாறைபோல் இறுக்குவது அங்கே நடந்த ஆய்வு. தனியாகப் பிரித்தெடுக்கும் வேலை மிச்சம்தான். ஆனால் ஆழ்நிலத்தில் இரும்பு துருப்பிடித்து ஹைட்ரஜன் உருவாகும் சூழலில் வெள்ளி அயோடைடு வெறும் வெள்ளியாகச் சிதைந்து, அயோடினை நீருக்கு விட்டுவிடக்கூடும். ஈய வனடேட்டுக்கும் குறையுண்டு: ஈயமும் வனேடியமும் தாமே நச்சு.

இத்தனைக்கும் பிறகு, பிரான்சின் லா ஹேக் ஆலையும் பிரிட்டனின் செல்லாஃபீல்டும் தங்கள் அயோடின்-129இன் பெரும்பகுதியைக் கடலில்தான் விட்டன. கடலில் ஏற்கெனவே உள்ள இயற்கை அயோடினோடு கலந்து நீர்த்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த வழி அனுமதிக்கப்படும்வரை, செலவு பிடிக்கும் இந்தச் செயற்கைக் கனிமங்களை ஆலைக்குள் கொண்டுவரும் அவசரம் யாருக்கும் இராது.