மாத்திரைக்கும் பத்தியம் உண்டு

"இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியம் கிடையாது" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சித்த வைத்தியர் சூரணம் கொடுத்தால் புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது. டாக்டர் மாத்திரை கொடுத்தால் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக்கொள்வதோடு சரி. தேக்காவில் இன்றைக்கும் இப்படி நம்புகிறவர்கள் நிறைய. ஆனால் மனப்பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரைகள் வந்த கதையைப் படித்தால், பத்தியம் எங்கேயும் போய்விடவில்லை என்று தெரிகிறது.

1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியசிட் என்ற மருந்து நோயாளிகளின் மனநிலையையும் தூக்கிவிட்டது. 1957-லிருந்து அதை மனச்சோர்வுக்கே கொடுக்க ஆரம்பித்தார்கள். மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் தடுப்பான்கள் என்ற ஒரு மருந்து வகையே பிறந்தது. கடும் பயத்தோடும் பதற்றத்தோடும் வந்தவர்களுக்கும் அவற்றைக் கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் சிலருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி வந்தது, ரத்த அழுத்தம் எகிறியது. சிலர் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தே போனார்கள்.

காரணத்தைத் துப்புத் துலக்கியவர்களில் ஒருவர் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இருந்த பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவர். அவருக்குத் துப்பு கொடுத்தது பரிசோதனைக்கூடம் இல்லை, ஒரு கடிதம். பிரிட்டிஷ் மருந்தாளுநர் ஒருவர் எழுதியிருந்தார்: இந்த மாத்திரை எடுக்கும் தன் மனைவிக்கு, சீஸ் சாப்பிட்டால் தலைவலி வருகிறது. கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிளாக்வெல் விசாரித்துப் பார்த்து 1963-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். நாள்பட்ட சீஸில் டைரமின் என்ற பொருள் இருக்கிறது. சாதாரணமாக உடல் அதை உடைத்துவிடும். உடைக்கிற நொதியைத்தான் அந்த மாத்திரை முடக்கி வைத்திருந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கணவர்தான். மனைவி என்ன மாத்திரை போடுகிறார் என்று அவருக்குத் தெரியும். என்ன சாப்பிட்டார் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே வீட்டில் இருந்து பார்த்ததால்தான் முடிச்சுப் போட முடிந்தது.

பிரிட்டனில் தயாரான எச்சரிக்கைப் பட்டியலில் சீஸும் மார்மைட்டும் இருந்தன. சிங்கப்பூர்க்காரர் தட்டில் சீஸ் எத்தனை நாள் வரும்? இங்கே அந்த இடத்தில் இருப்பவை சோயா சாஸும் தௌச்சியோவும் பெலாச்சானும். மூன்றும் நொதிக்க வைத்தவை, டைரமின் சேரக்கூடியவை. அந்த வகை மாத்திரைகளை இன்று அரிதாகத்தான் எழுதிக்கொடுக்கிறார்கள். ஆனால் பட்டியலை இறக்குமதி செய்தால் மட்டும் போதாது, உள்ளூர்ச் சமையலுக்கு அதை மாற்றி எழுத ஆள் வேண்டும் என்பது இன்றைக்கும் பொருந்தும்.

அடுத்த அதிர்ச்சி பழத்திலிருந்து வந்தது. கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்னவாகும் என்று சோதித்தார். மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்து கொடுத்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத அளவுக்கு ஏறிவிட்டது. 1989-ல் முதலில் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, 1991-க்குப் பிறகு பரவலாகத் தெரிய வந்தது. குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தப் பழம் செயலிழக்க வைக்கிறது. பதற்றத்துக்குத் தரும் பஸ்பிரோன், டயசெபம் போன்றவற்றின் அளவும் இப்படி ஏறும். லோராசெபம் வேறு வழியில் சிதைவதால் தப்பிவிடுகிறது. காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று பிரித்துக்கொண்டாலும் பயனில்லை. நொதி திரும்ப உருவாக ஒன்றிரண்டு நாளாவது ஆகும்.

கிரேப்ஃப்ரூட் என்பது நம் பம்பளிமாசுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பினம். அதே வேதிப்பொருள்கள் பம்பளிமாசிலும் உண்டு. சீனப் புத்தாண்டுக்கும் நிலாப் பண்டிகைக்கும் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற அதே பழம்தான்.

கோப்பிக்கடையையும் விட்டுவைக்க முடியாது. சிலருக்குத் தரும் ஃப்ளூவாக்ஸமின், உடலிலிருந்து காஃபின் வெளியேறுவதைப் பல மடங்கு தாமதப்படுத்தும். ஒரு கோப்பி ஓ, படபடப்பாக மறுநாள் வரை உள்ளே உட்கார்ந்திருக்கும். அப்புறம் பதற்றம் குறையவில்லை என்று மாத்திரையைத் திட்டுவோம். 1963-ல் சந்தைக்கு வந்த வேலியம் வகை மாத்திரைகளோடு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடலாம். தூக்கத்துக்கு என்று சாப்பிடுகிற அமுக்கரா சூரணமும் மயக்கத்தைக் கூட்டக்கூடும். சீன மருத்துவர்களைப் பதிவுசெய்ய சிங்கப்பூரில் 2000-ல் சட்டம் வந்தது. சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு அப்படியொரு சட்டப் பதிவேடு இல்லை. டாக்டருக்கும் வைத்தியருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோக நோயாளி ஒருத்தர்தான்.

அந்த ஒருத்தர் வாய் திறப்பாரா? இங்கேதான் நம் ஊரின் வரலாறு குறுக்கே வருகிறது. இங்கு மனநோயாளிகளுக்கான முதல் மருத்துவமனை 1841-ல் கட்டப்பட்டது. பின்னர் அது தேக்காவை ஒட்டிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைப் பக்கம் மாறியது. 1928-ல் இயோ சூ காங் சாலையில் புதிய மனநல மருத்துவமனை திறந்தது. 1951-ல் அருகிலிருந்த மரப்பாலத்தை வைத்து அதற்கு 'உட்பிரிட்ஜ்' என்று சாதுவாகப் பெயர் மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெயரே கேலிச்சொல் ஆகிவிட்டது. 1993-ல் புவாங்கோக்குக்குப் போய் மனநலக் கழகம் ஆனது. பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் வெட்கம் மாறவில்லை. 2016-ல் நடந்த தேசிய ஆய்வில், மனநலச் சிக்கல் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எந்த உதவியும் நாடவில்லை என்று தெரிந்தது.

உதவி நாடியவர்களிலும் பலர் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். வைட்டமின் டப்பாவில் போட்டுவைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். பழைய பத்தியத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. அது வீட்டுக்கே தெரிந்த சங்கதி. அடுப்படியில் தனியாகக் குழம்பு கொதிக்கும், "அவனுக்குப் புளி ஊத்தாதே" என்று யாராவது சொல்வார்கள். ஒளித்துப் போடுகிற மாத்திரைக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. பம்பளிமாசை உரித்து அன்போடு நீட்டும் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

இதைப் படித்துப் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். வேலியம் வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். அடுத்த முறை பலதுறை மருந்தகத்தில் மருந்து வாங்கும்போது சூரணம், லேகியம், தூக்க மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "இதோடு எதைச் சாப்பிடக் கூடாது?" என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை வீட்டில் ஒருத்தரிடமாவது சொல்லி வையுங்கள்.