‘லோகாசார்யர்’ திருநாமமும் ஆசார்ய அனுஷ்டானமும்

ஆசார்யன் என்னும் சொல்லுக்கு நம் பெரியோர் கூறும் பொருள் மூன்று கூறுடையது: சாஸ்த்ரப் பொருளைத் திரட்டுதல், பிறரை அதில் நிலைநிறுத்துதல், தானும் அதன்படி ஒழுகுதல். முன்னிரண்டும் கல்வியாலும் சொல்வன்மையாலும் கைகூடும். மூன்றாவது அன்றாட நடத்தையிலன்றி வேறெங்கும் புலப்படாது. அந்த மூன்றாவது கூறே ஒரு திருநாமத்திற்குக் காரணமாயிற்று என்பது நம் குருபரம்பரை வரலாறு.

13ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த நம்பிள்ளையின் இயற்பெயர் வரதராஜர். நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். காவிரியைக் கடக்கையில் வெள்ளம் அந்த ஏட்டைக் கொண்டுபோயிற்று. கேட்டிருந்தபடியே நினைவிலிருந்து முழுவதையும் அவர் எழுதி முடித்தார். சில இடங்களில் சிறப்புப் பொருளும் சேர்ந்திருந்தது. அதைக் கண்ட நஞ்சீயர் சினக்கவில்லை. சிஷ்யன் தம்மினும் நுட்பமாக எழுதியதற்கு உகந்து, ‘நம்பிள்ளை’ என்றே அழைத்தார். பிறர் உயர்வைக் கண்டு உகக்கும் குணத்தை நம்பிள்ளை முதலில் தம் ஆசார்யனிடமே கண்டார்.

பின்னாளில் அவருடைய காலக்ஷேப கோஷ்டி பெருகியது. அவர் திருவாய்மொழிக்கு அருளிய பொருளை வடக்குத் திருவீதிப்பிள்ளை பட்டோலை கொண்டதே ஈடு முப்பத்தாறாயிரப்படியாக நமக்குக் கிடைத்துள்ளது. அந்தப் பெருமை கந்தாடைத் தோழப்பருக்குப் பொறுக்கவில்லை. அவர் முதலியாண்டான் திருவம்சத்தவர். எம்பெருமானாரின் உறவும் உரிமையும் உடைய குடியில் பிறந்தவர். ஒருநாள் நம்பெருமாள் திருமுன்பே, பலரும் கேட்க, நம்பிள்ளையைக் கடிந்து பேசினார். நம்பிள்ளை ஒரு சொல்லும் மறுத்துரையாமல் வணங்கி, தம் திருமாளிகைக்கு எழுந்தருளினார்.

தோழப்பர் தம் இல்லம் சேர்ந்தபோது, செய்தியறிந்த தேவியாரே அவரை இடித்துரைத்தார். அவர் மனம் கலங்கி, மன்னிப்பு வேண்டப் புறப்பட்டுக் கதவைத் திறந்தார். வாசலில் ஒருவர் மேலுத்தரீயத்தால் மூடிக்கொண்டு கிடந்தார். அவர் நம்பிள்ளை. முதலியாண்டான் திருவம்சத்தவர் திருவுள்ளம் கலங்கும்படி தாம் ஏதோ குற்றம் செய்திருக்க வேண்டும் என்றும், அதைப் பொறுத்தருள வேண்டும் என்றும் அவர் வேண்டினார். தோழப்பர் அவரைத் தழுவிக்கொண்டு, சிலருக்கே ஆசார்யர் என்று எண்ணியிருந்தவர் உலகனைத்துக்கும் ஆசார்யர் என உணர்ந்து, ‘லோகாசார்யர்’ என்று போற்றினார். மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் இத்திருநாமத்தின் வரலாற்றைப் பதிவு செய்துள்ளார்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நம்பிள்ளையின் கல்வியைத் தோழப்பர் முன்பே அறிந்திருந்தார். அந்தக் கல்வியே அவருடைய பொறாமைக்கு வித்தாயிற்று. அவரைத் திருத்தியது வாசலில் கண்ட நடத்தை.

வடக்குத் திருவீதிப்பிள்ளை தம் ஆசார்யனிடம் கொண்ட பக்தியால் அத்திருநாமத்தையே தம் திருக்குமாரருக்குச் சாற்றினார். அவரே பிள்ளை லோகாசார்யர். அவர் அருளிய ஸ்ரீவசன பூஷணம், நமக்குக் குற்றம் செய்தவரிடம் நாம் கொள்ளவேண்டிய ஐந்து நிலைகளை வகுக்கிறது: பொறுமை, இரக்கம், சிரிப்பு, உகப்பு, அவர் செய்ததை உபகாரமாக நினைத்தல். கடைசி இரண்டும் ஏட்டில் படிப்பவருக்கு எட்டாத உயரமாகத் தோன்றும். தோழப்பர் வாசலில் நடந்ததை அவற்றின் அருகில் வைத்துப் படித்தால், அவை கைக்கு எட்டாத கற்பனையல்ல என்பது தெளியும். சூத்திரம் எழுதப்படுமுன்பே அது அனுஷ்டிக்கப்பட்டிருந்தது.

இவ்வரலாற்றை அடியேன் இளம் வயதில் தகப்பனாரிடம் திண்ணையில் கேட்டேன். பின்னர் பலமுறை பிறருக்கும் சொன்னேன். ஆயினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு திவ்யதேசத்தில் தீர்த்த வரிசையைப் பற்றி மற்றொரு ஸ்வாமியுடன் வாதிட்டு, கோஷ்டி நடுவே கடுஞ்சொல் கூறிவிட்டேன். முறை என் பக்கமே இருந்தது என்று எண்ணியதால் அவர் வாசலுக்குப் போகவில்லை. அவர் பரமபதித்தபின், முறை யார் பக்கம் இருந்தது என்னும் கேள்விக்கே பொருளில்லாது போயிற்று. நம்பிள்ளை பக்கமும் முறை இருந்தது. இருந்தும் அவர் போனார்.

கோயில்களில் அருளப்பாடு, தீர்த்தம், சடாரி ஆகியவற்றின் வரிசை பேணப்பட வேண்டியதே. அது முன்னோர் வகுத்த ஒழுங்கு. அதைக் காக்கும் பெயரால் சந்நிதியில் குரல் உயரும்போது, சேவிக்க வந்திருக்கும் சிறுபிள்ளைகள் நம்மிடம் கற்பது அந்தக் குரலைத்தான். மாலையில் நாம் சொல்லும் ஈட்டுப் பொருள் அதன்பிறகு அவர்கள் காதில் ஏறாது. பிள்ளை லோகாசார்யர் தனியனை நாள்தோறும் அனுஸந்திக்கும் நமக்கு, அத்திருநாமம் பிறந்த இடம் ஒருவர் பொறுத்தருளும்படி வேண்டிக் கிடந்த வாசல் என்பது மறக்கலாகாது.