திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது யார்?
நம்ம சேலம், நாமக்கல் பக்கத்து வீட்டுக் கல்வியின் கதை



நம்ம கூட்டமைப்பு மலரில் சேமிப்பு, கடன், தொழில் பற்றிப் பலரும் எழுதுவார்கள். இந்தக் கட்டுரை ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ், மூணாங்கிளாஸ் படிக்கிற சின்னப் பிள்ளைகளைப் பற்றியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து "படி கண்ணு, நான் கேக்கறேன்" என்று சொல்ல ஆள் இருக்கிறதா? இது நேற்று முளைத்த கேள்வி இல்லை. நம்ம பக்கத்தில் இதற்கு இருநூறு வருஷத்துக் கதை இருக்கிறது. அதில் பெண்களுக்கு இடம் எப்போது கிடைத்தது என்பதைத் தெரிந்துகொண்டால், இனி நாம் செய்ய வேண்டியதும் விளங்கும்.

மன்றோ எடுத்த கணக்கு

தாமஸ் மன்றோ என்ற வெள்ளைக்காரர் 1792 முதல் 1799 வரை பாராமகால், சேலம் சீமையில் நிலவரி வேலை பார்த்தவர். 1820-இல் சென்னை மாகாணத்துக்கே கவர்னர் ஆனார். 1822-இல், எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று கணக்கு அனுப்பச் சொல்லி எல்லா ஜில்லா கலெக்டர்களையும் கேட்டார். சேலம் கலெக்டரும் அனுப்பினார். 1826-இல் மன்றோ எல்லாவற்றையும் தொகுத்து எழுதியபோது மாகாணம் முழுக்க 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள்.

அவர் இன்னொரு விஷயமும் குறித்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளின் கணக்கு ஜில்லாக்களிலிருந்து வரவில்லை. சென்னைப் பட்டணத்துக்கு மட்டும் வந்தது. அதில் வீட்டில் படிப்பவர்கள் 26 ஆயிரத்துக்கு மேல் என்று இருந்தது. அந்த எண்ணிக்கை அதிகம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். ஆனாலும் வீட்டுப் படிப்பையும் சேர்த்தால், ஆண் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகப் படிக்கிறார்கள் என்று மதிப்பிட்டார்.

கவனியுங்கள், ஆண் பிள்ளைகளில்! பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொற்பத்திலும் சொற்பம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரம். வீட்டுக்கு வாத்தியாரை வரவழைக்க வசதி வேண்டும். வீட்டுக் கல்வி என்பது அன்றைக்கு வசதியான வீட்டுப் பையன்களுக்கு மட்டும்தான்.

அந்தத் திண்ணையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு நல்ல வழக்கமும் இருந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். முன்னால் கற்ற பிள்ளை, பின்னால் வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். சென்னை எழும்பூரில் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இப்படி மணலில் எழுதும் முறையைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித் தருவதையும் சேர்த்து, 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். "மெட்ராஸ் முறை" என்று இங்கிலாந்துப் பள்ளிகளிலும் அது பரவியது. நம்ம தெருப் புழுதியில் எழுதிய எழுத்து கடல் தாண்டிப் போயிருக்கிறது.

வீடு என்றால் வேலையா, படிப்பா?

அடுத்த கதை 1953-இல் நடந்தது. அப்போது முதலமைச்சர் ராஜாஜி. பழைய சேலம் ஜில்லாவின் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீலாக இருந்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அவருடைய அரசு கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தினம் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி. மீதி நேரம் வீட்டில் பெற்றோரோடு இருந்து தொழில் பழக வேண்டும். பள்ளிக்கூடமும் பணமும் போதாத காலத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம்.

எதிர்த்தவர்கள் இதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். நெய்கிறவர் பிள்ளை தறிக்கும், செருப்புத் தைக்கிறவர் பிள்ளை தோலுக்கும் திரும்பிப் போக வேண்டியதுதானா என்று கேட்டார்கள். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் போராடினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது. பிறகு ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தன, மதிய உணவு வந்தது.

இந்தக் கதை நமக்கு ஏன் முக்கியம்? தறி, வெள்ளிக் கொலுசு, கோழிப்பண்ணை, ஜவ்வரிசி மில், லாரிப் பட்டறை என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை இருக்கிற ஊர்கள் நம்முடையவை. "சும்மா இருக்கிற நேரத்துல நூல் சுத்தட்டுமே" என்று சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. மூணாங்கிளாசில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு ஏழாங்கிளாசில் பள்ளிக்கூடமே கசந்துபோகும். அப்புறம் தறிச் சத்தம்தான் அதைக் கூப்பிடும். வீட்டுக் கல்வி என்றால் பள்ளிக்குப் பதிலாக வீடு இல்லை. பள்ளிக்குத் துணையாக வீடு. இந்த வித்தியாசத்தை நாம் விட்டுவிடக் கூடாது.

கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு

1989-இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1991-92-இல் சேலத்துக்கும் வந்தன. நாமக்கல் அப்போது சேலத்தோடு சேர்ந்திருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997-இல். 1991 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 51 பேர்தான். அதனால் பல குழுக்களில் முதல் பாடமே கையெழுத்துப் போடுவதுதான்.

அதே காலத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 வாக்கில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டது நாடே பேசிய செய்தி. வயலுக்கும் கல் குவாரிக்கும் போய் வந்த பெண்கள் சாயங்காலம் சிலேட்டைப் பிடித்தார்கள். அம்மா எழுத்துக் கூட்டுகிறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் படிப்பு வீட்டுச் சமாச்சாரம் ஆகிவிடுகிறது. 2011-இல் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 73 பேர். அந்த வளர்ச்சியில் நம்ம குழு நோட்டுகளுக்கும் பங்கு உண்டு.

2021: திண்ணைக்கு வந்த பெண்கள்

2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகள் மூடின. சின்ன வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. இடையில் பத்தொன்பது மாதம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. செல்போனில் வகுப்பு என்றார்கள். ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே போன் லாரிக்குப் போன அப்பாவின் சட்டைப்பையில் இருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. பிறகு மாநிலம் முழுக்க வந்தது. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள், கோயில் மண்டபத்திலோ வீட்டு வாசலிலோ, சுமார் இருபது பிள்ளைகள். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும் என்றிருந்தது. மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாயாக இருந்தது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். மன்றோ காலத்தில் பெண்ணுக்கு இடம் கிடைக்காத திண்ணையில் 2021-இல் சொல்லிக்கொடுத்தவளே பெண்.

பலன் இருந்ததா? தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் வீடு தேடிப் போய்ச் சோதித்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள்.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. மூன்றாம் வகுப்புக்குள் எல்லாப் பிள்ளைக்கும் அடிப்படை எழுத்தும் கணக்கும் வர வேண்டும் என்பது நோக்கம். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ற பாடம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர். பள்ளி ஆட்டம், பாட்டு, அட்டை என்று மாறிவிட்டதால் வீட்டிலும் அதே வழியில் போவது சுலபம்.

நம்ம வீட்டில் இருப்பதே போதும்

தினம் இருபது நிமிஷம் போதும். காசு செலவு இல்லை.

முட்டை அட்டை: நாமக்கல்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை, மொத்தம் முப்பது குழி. புளியங்கொட்டையைப் போட்டு எண்ணச் சொல்லுங்கள். ரெண்டு வரிசை நிறைந்தால் எத்தனை? முப்பதுக்கு இன்னும் எத்தனை வேணும்? கூட்டல், கழித்தல், ஆறாம் வாய்ப்பாடு மூன்றும் அந்த அட்டைக்குள் இருக்கிறது.

பல்லாங்குழி: பதினாலு குழி. குழிக்கு அஞ்சு முத்துப் போட்டால் மொத்தம் எத்தனை? முதலில் எண்ணட்டும், பிறகு எண்ணாமல் சொல்லட்டும்.

வண்டி எண்: ரோட்டில் போகிற வண்டியில் 28 என்று இருந்தால் நாமக்கல், 34 என்றால் திருச்செங்கோடு, 52 என்றால் சங்ககிரி. பஸ் போர்டில் ஊர்ப் பேரை எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும்.

கதை: அம்மாயி, அப்பத்தா சொன்ன கதையைப் பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். அது சொன்னபடியே பெரிய பிள்ளை நோட்டில் எழுதட்டும். தன் வாயால் சொன்னதைச் சின்னது ஆசையாகப் படிக்கும். இங்கே அக்காதான் சட்டாம்பிள்ளை.

"எனக்கே படிப்பு வராது, நான் எப்படிச் சொல்லித் தர்றது?" என்று கேட்கிற தோழிகளுக்கு ஒரு வார்த்தை. சொல்லித் தர வேண்டாம், கேளுங்கள். அடுப்படியில் வேலை செய்துகொண்டே "இன்னிக்கு என்ன படிச்ச, படிச்சுக் காட்டு" என்று கேட்கிற அம்மாவுக்காகப் பிள்ளை படிக்கும். தப்பு வந்தால் அடிக்க வேண்டாம். மறுபடி ஒரு தரம் படிக்கச் சொன்னால் போதும்.

திட்டங்கள் வரும், போகும். நம்ம குழு வாராவாரம் கூடுகிறது. சேமிப்பு, கடன் தவணை எழுதி முடித்ததும் இன்னொரு கேள்வியையும் தீர்மான நோட்டில் சேர்ப்போம்: நம்ம உறுப்பினர் வீட்டில் மூணாங்கிளாஸ் வரைக்கும் படிக்கிற பிள்ளைகள் யார் யார், அவர்களில் இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? அந்தப் பெயர்களுக்கு நேரே, சாயங்காலம் பக்கத்தில் உட்காரப் போகிற தோழியின் பெயரையும் எழுதிவிடுவோம்.