இன்ஜெக்டரின் மின்பிணி: கல்முனைக் கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

இயந்திரத்துக்கு எரிபொருளை ஊட்டும் முறையில் நிகழ்ந்த மாற்றங்களை எழுதுவோர், அவற்றைத் தொழிற்சாலைகளின் வரலாறாகவே எழுதிச் செல்வர். அம்மாற்றங்கள் பழுதுபார்ப்போனின் கையை எவ்வாறு வந்தடைந்தன என்பது அவர்தம் நோக்கிற் படுவதில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாய் நீளும் ஊர்களிலே இவ்வினா வெறும் ஏட்டு வினாவன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025இலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலே 1990களிற் செய்யப்பட்ட கொரோலாவும் சன்னியும் ஓடியே தீரவேண்டியிருந்தன. அவ்வாகனங்களின் இன்ஜெக்டரிலே பழுது எனக் கூறப்பட்டவற்றுட் பல, உண்மையில் இன்ஜெக்டரின் பழுதுகளல்ல.

இப்பிழையான நிதானிப்புக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபின் இக்கரையின் மேற்கே விரிந்த வயல்களுக்கு உழவு இயந்திரங்கள் வந்தன. லொறிகளும் பேருந்துகளும் பெருகின. இவை டீசலில் இயங்கின. பொஷ் நிறுவனம் 1927 முதல் பெருமளவிற் செய்யத் தொடங்கிய டீசற் பம்பின் வழிவந்த அமைப்பிலே, இன்ஜெக்டர் என்பது முற்றிலும் பொறிமுறை சார்ந்த பொருள். பம்பின் அமுக்கம் ஊசியை உயர்த்தும். அமுக்கம் தணியச் சுருள்வில் அதனை மூடும். அங்கே மின்சாரத்துக்கு வேலையில்லை. எனவே இன்ஜெக்டர் பழுது எனில் நுனி அடைத்தது அல்லது தேய்ந்தது என்று கொள்வதே இயல்பாயிற்று. பெற்றோற் கார்களிலோ காபுரேற்றரே ஆட்சி செய்தது. அதனைக் கழற்றிக் கழுவி ஊதி மாட்டுவதே வைத்தியம். மின்சாரத்தால் திறக்கும் இன்ஜெக்டர் பின்னர் இங்கு வந்தபோது, அதன் பெயர் பழகியதாயிருந்தது, பொருள் புதிதாயிருந்தது.

அப்புதிய பொருளின் பிறப்பே மின்பிணியோடு கூடியது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957இல் ‘இலெக்ட்ரோஜெக்டர்’ என்னும் மின்னணு உட்செலுத்து முறையை வெளியிட்டது. 1958ஆம் ஆண்டுக்குரிய கிறைஸ்லர் நிறுவன மாதிரிகள் சிலவற்றில், ஏறத்தாழ 35 கார்களிலே, அது பொருத்தப்பட்டது. எரிபொருளைச் சிதறும் வால்வு அங்கே பெருங்குறையாக அமையவில்லை. அதனை ஆண்ட மின்னணு உறுப்புகளே வெப்பத்தையும் அதிர்வையும் தாங்காது போயின. அக்கார்களுட் பெரும்பாலானவற்றுக்கு மீண்டும் காபுரேற்றரே மாட்டப்பட்டது. அக்காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்ற பொஷ் நிறுவனம், திரான்சிஸ்டர்கள் செம்மையுற்ற காலத்தில், 1967இலே ‘டி ஜெட்ரோனிக்’ முறையை வொக்ஸ்வாகன் 1600இற் புகுத்தி வெற்றி கண்டது. பெண்டிக்ஸின் தோல்வியை அது விலைக்கு வாங்கியது எனினும் தகும். அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் அம்முறைக்கு உந்துதல் அளித்தன; ஜப்பானிய நிறுவனங்களும் அதனைக் கைக்கொண்டன. 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின் இலங்கைக்குப் பெருகி வந்த ஜப்பானியப் பாவித்த கார்களின் வரிசையிலே, 1990களின் உட்செலுத்து இயந்திரங்களும் இக்கரையை அடைந்தன.

இதன் இயக்கம் அறிந்தாலன்றிப் பிணியை அறிதல் இயலாது. இன்ஜெக்டரினுள்ளே ஒரு கம்பிச் சுருள். மின் ஓடும்போது அது காந்தமாகி ஊசியை இழுக்கும். சாவியைத் திருப்பியதும் பற்றரியின் 12 வோல்ற்று ஒரு முனைக்கு வந்து நிற்கும். மறுமுனையைக் கணினிப்பெட்டி நிலத்தொடுப்பாக்கும் கணத்திலேயே சுற்றுப் பூர்த்தியாகும். இயந்திரம் சும்மா ஓடுகையில் அக்கணம் இரண்டு மூன்று மில்லிசெக்கன் அளவினதே.

ஆகவே தேர்ந்த மெக்கானிக் முதலிற் கழற்றுவதில்லை, கேட்கிறான். நீண்ட திருப்புளியின் நுனியை இன்ஜெக்டரில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தால், வேலைசெய்வது ‘டிக் டிக்’ என்னும். ஒலியில்லையெனில் இணைப்பியைக் கழற்றிச் சுருளின் தடையை மீற்றரில் அளத்தல் வேண்டும். இவ்வகைக் கார்களிற் பெரும்பாலும் அது 12 முதல் 16 ஓம் வரை நிற்கும். முடிவிலியைக் காட்டின் சுருள் அறுந்தது. அங்கே இன்ஜெக்டரை மாற்றுதல் நியாயமே. தடை சரியாயின், சாவியைத் திருப்பி 12 வோல்ற்று வருகிறதா எனப் பார்த்து, இன்ஜெக்டருக்கெனச் செய்த சிறு சோதனை விளக்கை இணைப்பியில் மாட்டி இயந்திரத்தைச் சுழற்ற வேண்டும். விளக்கு மினுங்கின் கணினி கட்டளை இடுகிறது. மினுங்காவிடிற் குறை கம்பியிலோ கணினியிலோ அதற்குச் செய்தி அனுப்பும் உணரியிலோ உள்ளது. பெரிய முகப்பு விளக்குக் குமிழை இதற்குப் பயன்படுத்துவோர், கணினியின் திரான்சிஸ்டரையே எரித்துவிடக் கூடும்.

இவ்வளவும் எளிது. கடற்கரையின் பிணி இதனினும் நுண்ணியது. உப்புக் காற்று இணைப்பியின் செப்புத் தகட்டிலே களிம்பு ஏற்றுகிறது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையிற் கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் பட்ட துயரத்தின் முன் வாகனங்களின் சேதம் பேசத்தக்கதன்று. ஆயினும் உப்புநீர் ஒருமுறை கம்பியினுட் புகுந்தால், உறையின் கீழே இழையோடு இழையாக ஏறி, வெளிக்குத் தெரியாமலே செம்பை அரிக்கும் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 13 ஓம் சுருளில் ஏறத்தாழ 0.9 அம்பியர் ஓடும். களிம்பேறிய இணைப்பு மேலும் 3 ஓம் சேர்த்தால், அம்மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஊசி தாமதித்துத் திறக்கும். அந்த ஒரு சிலிண்டர் மாத்திரம் பட்டினி கிடக்கும். இணைப்பியைக் கழற்றிச் சுருளை அளந்தாலோ 13 ஓமே காட்டும். ‘மின்சாரம் சரி, நுனிதான் அடைத்தது’ என்ற முடிவு பிறக்கும். டீசற் காலத்துப் பழக்கமும் அதற்கே தலையாட்டும். புதிய இன்ஜெக்டர் வாங்கப்படும். மாட்டும்போது இணைப்பி உரசிக் களிம்பு சிறிது விலகுவதால் சில கிழமை கார் செம்மையாய் ஓடும். பின் பழைய நோயே திரும்பும்.

கணினியும் இங்கு உதவுவதில்லை. பற்றரியின் வோல்ற்றளவு தாழ்ந்தால், திறக்கும் நேரத்தை நீட்டி ஈடுசெய்ய அது அறியும். ஆனால் தன் வாசலுக்கு வரும் வோல்ற்றளவையே அது அளக்கிறது, ஒரு தனி இன்ஜெக்டரின் இணைப்பியில் இழக்கப்படுவதை அன்று. அக்காலத்து ரொயோட்டாக்களிலே சோதனைப் பெட்டியின் ‘ரீஈ1’, ‘ஈ1’ முனைகளைச் சிறு கம்பியால் இணைத்தால், முகப்பிலுள்ள விளக்கு மினுங்கிக் குறைகளை எண்களாகச் சொல்லும். இன்ஜெக்டர்ச் சுற்றின் குறைக்கு அவ்வரிசையிற் பெரும்பாலும் எண்ணே இல்லை. எனவே இயந்திரம் ஓடும்போதே இணைப்பியின் இரு புறத்திலும் மீற்றர் ஊசிகளை வைத்து, அங்கு இழக்கப்படும் வோல்ற்றளவைத் தேடுவதும், கம்பிக் கட்டை மெல்ல அசைத்து இயந்திரத்தின் ஓசை மாறுகிறதா எனக் கவனிப்பதுமே வழி. அதற்கு அரைமணி நேரம் செல்லும். அந்த அரைமணிக்குக் கூலி கேட்டால் வாகனக்காரர் முகம் சுளிப்பர், புதிய இன்ஜெக்டரின் விலையைக் கேட்டாற் சுளிப்பதில்லை.