துப்பாக்கி சைலன்சர்: அமெரிக்காவில் வரி போனது, இங்கே சட்டம் மாறவில்லை

சைலன்சர் என்றால் புதுச்சேரியில் நமக்கு பைக்தான் நினைவுக்கு வரும். துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தி, சுடும் சத்தத்தைக் குறைக்கும் கருவிக்கும் அதே பெயர்தான்.

அமெரிக்காவில் 1934 முதல் இந்தக் கருவிக்கு 200 டாலர் வரி இருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி 1 முதல் அதைப் பூஜ்யமாக்கிவிட்டது. வரிதான் போனது, விண்ணப்பமும் பதிவும் அப்படியே இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் தடையே உண்டு.

வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு என்பதால் இதை எழுதுகிறோம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், சுடும்போது எழும் சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கும் துணைக்கருவியையும் துப்பாக்கி என்றே வரையறுக்கிறது (பிரிவு 2). துப்பாக்கியே இல்லாத வீட்டு அலமாரியில் கிடந்தாலும், அந்தச் சிறு குழாய் உரிமம் இல்லாத துப்பாக்கிதான். 2019ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. முன்பு இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் உரிமம் வேண்டும். மச்சான் ஆசையாக வாங்கி வந்தார், நிய்யத்தில் தவறில்லை என்பதெல்லாம் விமான நிலையத்தில் எடுபடாது.

உரிமம் வைத்திருந்த அத்தா மவுத்தாகிவிட்டால், அவருடைய துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி வைப்பதும் இதே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும். பிரிவு 21இன்படி அதைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.